யானைக்கவுனிக்குப் போன கானாங்கெளுத்தி

பாச்சா உருண்டை வாசனை உனக்கு ஆகவே ஆகாது. "பொணத்துக்கு பவுடர் போட்டா மாறி கீதுடி" என்று துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு ஸ்டுடியோவின் துணி அலமாரிக்குத் தள்ளியே நிற்பாய். போன வாரம் ஒரு மத்தியானம் அந்த வாசனை என் கடைப் படியேறி வந்தது. நீ இருந்திருந்தால் ஜன்னல் வழியாகக் குதித்திருப்பாய்.

என் கடை உனக்குத் தெரிந்ததுதான். ராயபுரத்தில் மருந்துக் கடைக்கு மேல் மாடி. ஜன்னலைத் திறந்தால் கன்டெய்னர் லாரிச் சத்தம், மூடினால் வேர்வை. வந்தவர்கள் ஒரு தாயும் மகளும். தாய்க்கு நம்மைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறதாம். ரிசப்ஷனுக்கு அம்மாவின் பழைய கவுனைத்தான் போடுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். அளவு மட்டும் பத்தவில்லை. அதைத் தைத்த ஸ்டுடியோவை மூடிப் பல வருஷமாகிறது. பழைய துணியைப் பிரித்துத் தைக்க ஆள் தேடி, யாரோ கைகாட்ட என்னிடம் வந்திருந்தார்கள்.

பட்டுப்புடவையை மடித்து வைப்பதுபோல உள்பக்கம் வெளியே தெரியும்படி மடித்து, வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தார் அந்த அம்மா. அதனால் எனக்கு முதலில் தெரிந்தது கவுனின் உள்பக்கம்தான். பக்கவாட்டுத் தையலில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தேன். இடுப்புக்குச் சற்றுக் கீழே ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. இரண்டு சுற்று சுற்றி, நுனியை உள்ளே நுழைத்து, பல்லால் கடித்து இழுத்த முடிச்சு. எந்தத் தையல்காரரும் துணியில் போடாத முடிச்சு.

"என்ன ஆன்ட்டி, பிரிக்க முடியாதா?" என்று கேட்டாள் மகள். என் முகம் எப்படிப் போயிருந்ததோ தெரியவில்லை. "அதெல்லாம் பிரிக்கலாம்மா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போனேன். அழுதேன் என்று எழுதினால் நீ கிண்டல் செய்வாய். அழுதேன்.

கடிதம் எழுதுகிற பழக்கம் நமக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. வாய் ஓயாமல் பேசியே பழகிவிட்டோம். இப்போது உன் நம்பரை உன் மகன் வைத்திருக்கிறான். அடித்தால் "சொல்லுங்க பெரிம்மா" என்கிறான். நல்ல பிள்ளை. ஆனால் இதை அவனிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

தண்டையார்பேட்டையில் அந்த டிப்ளமோ முடித்த கையோடு நாம் இருவரும் நுங்கம்பாக்கம் ஸ்டுடியோவில் அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்தோமே, நினைவிருக்கிறதா? ஃபேஷன் டிசைனிங் படித்துவிட்டோம், இனி உலகமே நாம் வெட்டிக் கொடுக்கிற துணியைத்தான் உடுத்தப்போகிறது என்று நினைத்துக்கொண்டு போனோம். காசிமேட்டில் கூடை வைத்து மீன் விற்ற உன் அம்மா, வாங்க வருகிறவர்களிடமெல்லாம் "எம் பொண்ணு சினிமாக்காரங்களுக்கு துணி டிசைனு பண்ணுது" என்று சொல்லியே எடை போட்டார். திருவொற்றியூர் கம்பெனியில் ஷிப்டு பார்த்த என் அப்பாவுக்குத்தான் சந்தேகம். "அசிஸ்டென்ட்னா இன்னாம்மா? டீ வாங்கியார்றதா?" என்று கேட்டார். "அதெல்லாம் இல்ல" என்று கோபமாகச் சொன்னேன். அவர் சொன்னதில் பெரிய தப்பு ஒன்றும் இருக்கவில்லை.

டீயும் வாங்கினோம். பித்தானுக்கும் லேசுக்கும் சவுக்கார்பேட்டைச் சந்துகளில் அலைந்தோம். துணிகளைச் சின்னச் சின்னதாக வெட்டி அட்டையில் ஒட்டினோம். ஆவி வரும் இஸ்திரிப்பெட்டியில் கையைச் சுட்டுக்கொண்டோம். கத்தரிக்கோலை நம் கையில் கொடுக்கவே ஸ்டுடியோ முதலாளியான மேடத்துக்கு மனசு வரப் பல மாதம் பிடித்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை, சாயங்காலம் தரையில் சிதறிக் கிடக்கும் குண்டூசிகளைப் பொறுக்குவது. நான் முட்டி போட்டுப் பொறுக்குவேன். நீ பழைய ஸ்பீக்கரிலிருந்து உன் அண்ணன் கழற்றிக் கொடுத்த காந்தத்தைக் கயிற்றில் கட்டி, நின்ற இடத்திலிருந்தே தரையில் வீசி இழுப்பாய். ஊசிகள் கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும். "தோ பாரு, நெத்திலி பாடு" என்று வலையில் அள்ளிய மீனைப்போலத் தூக்கிக் காட்டுவாய்.

மேடத்தை நான் குறை சொல்லவே மாட்டேன். வேலை தெரிந்தவர். துணியைத் தொட்டாலே அது எப்படி விழும் என்று சொல்லிவிடுவார். ஆனால் முதல் நாளே ஒரு சட்டம் போட்டார்: அளவு பார்க்க வாடிக்கையாளர் வந்தால் நாம் வாயைத் திறக்கக்கூடாது. "உங்க பேச்சைக் கேட்டா பயந்துடுவாங்கம்மா" என்றார், சிரித்துக்கொண்டுதான். எனக்குச் சுருக்கென்றது. அன்று பஸ்ஸிலேயே என் பேச்சைக் கழுவித் துடைக்க ஆரம்பித்துவிட்டேன். நீயோ, "நம்ப இன்னா பாம்பா, பாத்து பயப்பட?" என்று கேட்டுவிட்டு, மறுநாளிலிருந்து அளவு பார்க்கும் நேரம் முழுக்க உதட்டில் குண்டூசிகளை வரிசையாகக் கவ்விக்கொண்டு நின்றாய். பேசச் சொன்னாலும் பேச முடியாது. மேடத்துக்கும் திருப்தி, உனக்கும் ரோஷம் போகவில்லை. ஏதாவது பிடிக்காவிட்டால் ஊசிகளுக்கு நடுவே "ம்ஹும்" என்று ஒரு சத்தம் வரும். அது எனக்கு மட்டும்தான் புரியும்.

துணியில் தைக்கிற லேபிளில் மேடத்தின் பெயர் இருக்கும். ஒருநாள் அதைத் தைத்துக்கொண்டே, "நம்ப பேரு எதுலடி வரும்?" என்று கேட்டேன். "ரேசன் கார்டுல" என்றாய். சிரித்துவிட்டு, குரலை இறக்கிச் சொன்னாய்: "ஒண்ணே ஒண்ணு வந்தா போதும்டி. நான் நெனச்ச துணி, நான் நெனச்சா மாறியே, ஒரு பொம்பள ஆசையா கட்டிக்கணும். அவ கேக்கணும், இது யாரு போட்டதுன்னு." நீ விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் என்னைக் காசிமேட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாய். எனக்குத் தூக்கம் கலையவில்லை, செருப்பெல்லாம் ஐஸ் தண்ணீர், ஏலக்காரர்களின் கூச்சலில் காது அடைத்துவிட்டது. ஒரு கூடையிலிருந்து கானாங்கெளுத்தி ஒன்றை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினாய். "முதுகைப் பாரு" என்றாய். நான் அதுவரை அந்த மீனைக் குழம்பில்தான் பார்த்திருக்கிறேன். நீலமும் பச்சையும் கலந்த முதுகு. அதன் மேல் கருநீலத்தில் நெளிநெளியான கோடுகள், ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. கீழே இறங்க இறங்க நீலம் கரைந்து வயிறு முழுக்க வெள்ளி. வெயில் ஏற ஏற அந்தப் பளபளப்பு நம் கண்ணெதிரிலேயே மங்கியது.

"இப்பதான் இப்டி கீது. வூட்டுக்குப் போறதுக்குள்ள செத்த கலர் ஆய்டும். இத துணியில புட்ச்சி வெக்கணும்" என்றாய். உன் அம்மா தன் கூடைக்குப் பின்னாலிருந்து, "வாங்குறதுன்னா வாங்கு, இல்லன்னா கீய வைடி, சொம்மா கொஞ்சிக்கினு கீறா" என்று சத்தம் போட்டார்.

அதற்கப்புறம் உன் சாப்பாட்டு நேரமெல்லாம் ஸ்டுடியோவின் பின்கட்டில் கழிந்தது. கழித்துப் போட்ட சாட்டின் துணியை, ஒடிந்த கால் கொண்ட பழைய டம்மி பொம்மையின் மேல் போட்டு, ஊசி குத்தி, கழற்றி, திரும்பக் குத்தி. நீலத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே எங்கே ஒட்டுத் தெரியாமல் சேர்ப்பது என்பதற்கே எத்தனை நாள் போராடினாய். பிறகு முதுகில், கழுத்திலிருந்து இடுப்புவரை கருநீல நூலால் நெளிகோடுகள், எல்லாம் கையாலேயே. நான் சாதம் பிசைந்து உன் வாயில் ஊட்டுவேன், நீ கையை எடுக்காமல் மென்றுகொண்டே தைப்பாய். மேடம் பார்த்தால் திட்டுவார் என்று மேலே ஒரு பழைய படுதாவைப் போட்டு மூடிவைப்போம்.

அப்போதுதான் யானைக்கவுனிப் பெண் வந்தாள். பெரிய ஜவுளி வியாபாரக் குடும்பம், தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருப்பவர்கள். வெங்காயம் பூண்டுகூடப் படியேறாத வீடு. ரிசப்ஷனுக்கு ஒரு கவுன் வேண்டுமென்று அவளுக்கு ஆசை. மேடம் பீச் நிறத்தில், வலைபோன்ற மெல்லிய துணியில் ஒன்று வெட்டினார். அளவு பார்க்கத் தைக்கிற தையல் நிரந்தரத் தையல் இல்லை. நீளநீளமாக ஓட்டி, நுனியில் முடிச்சுப் போடாமல் விட்டுவிட வேண்டும். மேடம் நுனியைப் பிடித்து ஒரு இழு இழுத்தால் முழு நூலும் கையோடு வரவேண்டும். நாம் கற்றுக்கொண்ட முதல் பாடமே அது.

அது உன் புத்திக்குத் தெரியும், உன் கைக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து உன் நைனா வலை கட்டுகிறதைப் பார்த்து வளர்ந்த கை. நூல் நுனியை முடிச்சில்லாமல் விடுவது உங்கள் வீட்டில் பாவத்தோடு சேர்த்தி. என்னோடு கதை பேசிக்கொண்டே தைத்தாய், கை பாட்டுக்குக் கடைசியில் வலை முடிச்சைப் போட்டுக்கொண்டே போய்விட்டது. நீயும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

மறுநாள் அந்தப் பெண் கண்ணாடி முன் நிற்கிறாள். இடுப்பில் கொஞ்சம் தளர்த்த வேண்டுமென்று மேடம் நூல் நுனியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. துணி மட்டும் சுருங்கியது. இன்னும் பலமாக இழுத்தார். நீ ஊசிகளைக் கையில் துப்பிவிட்டு, அந்த ஸ்டுடியோவில் ஒரு வாடிக்கையாளர் முன்னால் முதல் தடவையாக வாயைத் திறந்தாய்: "ஐயோ இய்க்காதீங்க மேடம்! இய்த்தா இன்னும் இறுகும். உள்ள தள்ளுனாதான் அவுரும்!"

நீ சொல்லி முடிப்பதற்குள் இடுப்பிலிருந்து முட்டிவரை கிழிந்துவிட்டது. அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. மேடம் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. "நாளைலேர்ந்து நீ வரவேண்டாம்மா" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். உன் முகம் அப்படி வெளுத்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

உடை மாற்றப் பின்கட்டுக்குப் போன அந்தப் பெண் வெகுநேரம் வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தால், படுதா விலகிய டம்மியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறாள். "இது யாருக்கு?" என்று கேட்டாள். மேடம் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "உங்களுக்குத்தான். சர்ப்ரைஸா காட்டலாம்னு வெச்சிருந்தேன்" என்றார். அந்தச் சாமர்த்தியத்துக்கு இன்றும் ஒரு கும்பிடு போடுவேன். "இந்தக் கோடெல்லாம் என்ன?" என்று அவள் கேட்டதற்கு, "கடல் அலை" என்றார். ஊசியில்லாமலேயே உன்னிடமிருந்து ஒரு "ம்ஹும்" வந்தது.

வேலை தப்பியது. அந்தக் கோடுகளை உன்னைத் தவிர யாராலும் போட முடியாதே! நல்ல பட்டில், அவள் அளவுக்கு, முழுக் கவுனையும் திரும்பத் தைத்தாய். பக்கவாட்டுத் தையலில் உள்ளே தாராளமாகத் துணி விட்டாய். எதற்கடி இவ்வளவு என்றால், "பொண்ணு நாளைக்கு பூசுனாப்ல ஆவும், அப்ப அவுத்து வுட்டுக்கலாம்" என்றாய். முடிக்கும்போது ஊரறிய வலை முடிச்சு. "இது நெசமான தையலுடி. இதுல போட்லாம்." மேடத்துக்கும் கேட்டிருக்கும். தடுக்கவில்லை.

கடைசி அளவு பார்க்க யானைக்கவுனி வீட்டுக்கே போனோம். நமக்கு வெள்ளித் தம்ளரில் மோர் கொடுத்தார்கள். கல்யாணப் பெண்ணின் அம்மா அந்தக் கோடுகளைத் தடவித் தடவிப் பார்த்து, "எவ்ளோ அழகான அலை!" என்று பூரித்துப் போனார். நீ உதட்டில் ஊசிகளோடு, கண்ணில் தண்ணீர் வர அடக்கிக்கொண்டு நின்றாய். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. மேடத்தின் கண் நம் மேலேயே இருந்தது; அது மீன் என்று தைக்கும்போதே அவரிடம் சொல்லியிருந்தாய். மீன் என்று ஒரு வார்த்தை விழுந்தால் கவுன் வாசலைத் தாண்டி வெளியே பறக்கும் என்று அங்கிருந்த மூன்று பேருக்குத் தெரியும்.

திரும்பி வருகையில் பஸ் மின்ட் பக்கம் நெரிசலில் நின்றுவிட்டது. திடீரென்று வெடித்துச் சிரித்தாய். "அந்த வூட்ல ஒரு கூடை கானாங்கெளுத்திய எறக்கி வெச்சிட்டு மோரு குட்ச்சிட்டு வந்துட்டோம்டி!" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாய். "ஆனா ஒரு நாளு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லணும். அது மீனுன்னு. அத்த போட்டது நான்னு. ரெண்டையும் சேத்து சொல்லணும். ஒண்ண மட்டும் சொன்னா ஒப்புக்க மாட்டேன்." "நீ சொல்லு, இல்லன்னா நான் சொல்றேன்" என்றேன். பஸ் நகர்ந்தது.

அதற்குப் பிறகு அதுவே நமக்கு வணக்கம் சொல்கிற வார்த்தையாகிவிட்டது. போனை எடுத்ததும் ஹலோ கிடையாது. "சொல்ட்டியா?" என்பாய். "இன்னும் இல்ல" என்பேன். அப்புறம்தான் மற்றதெல்லாம். அந்தக் குடும்பம் யானைக்கவுனியை விட்டு எங்கோ போய்விட்டது, அந்தப் பெண் எங்கிருக்கிறாள் என்றுகூட நமக்குத் தெரியாது. ஆனாலும் கேள்வியை நிறுத்தவில்லை.

நான் கடை வைத்தேன். நீ எண்ணூர் பக்கம் சீருடை தைக்கிற கம்பெனிக்குப் போனாய். "ஃபேஷனை விட்டுட்டியேடி" என்று நான் வருத்தப்பட்டதற்கு என்னைக் கண்டபடி திட்டினாய். குனிந்தால் போன் கீழே விழாதபடி ஒரு பை வைத்துக் காக்கிச் சட்டை வெட்டினாயே, அது உனக்கு அவ்வளவு பெருமை. "ஹார்பர்ல பாதிப் பேரு எம் பாக்கெட்டுலதான் கைய வுட்டுகினு சுத்துறானுங்க" என்பாய். உண்மைதான். இன்றைக்கும் என் ஜன்னலுக்குக் கீழே லாரியை நிறுத்திவிட்டு டீ குடிக்கிறவர்களின் சட்டையில் அந்தப் பையைப் பார்க்கிறேன். பார்க்கிறபோதெல்லாம் உன்னைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல் கை போனுக்குப் போகிறது.

மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய், எழுந்திருக்கவே இல்லை. கடைசியாக நாம் பேசியது ஒரு ஜிப்பைப் பற்றி. பித்தளைப் பல் வைத்த ஜிப் எங்கே கிடைக்கும் என்று கேட்டாய். ஆள் அனுப்பி விசாரிக்கிறேன் என்றேன். இன்னும் நல்லதாக எதையாவது பேசியிருக்கலாம் என்று எனக்கு ஆறவே மாட்டேனென்கிறது. ஆனால் அந்தப் போனிலும் முதலில் "சொல்ட்டியா?" என்றுதான் கேட்டாய்.

அந்த யானைக்கவுனிப் பெண்தான் போன வாரம் மகளோடு என் கடையில் வந்து நின்ற அம்மா. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அளவு பார்க்கிறபோது யார் அசிஸ்டென்ட்டின் முகத்தைப் பார்ப்பார்கள்? கவுனை வெளிப்பக்கம் திருப்பினேன். பட்டு கொஞ்சம் பழுத்திருந்தது. கோடுகள் ஒன்றுகூட அவிழவில்லை. இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த இரண்டு நாளும் எனக்கு அதே யோசனை. சொல்வதா, வேண்டாமா? சொல்லாமல் விட்டால் உன் கானாங்கெளுத்தி மறுபடியும் மேடையேறும், விளக்கு வெளிச்சத்தில் மின்னும், நூறு பேர் பார்ப்பார்கள். சொன்னால், இது மீனா என்று முகம் சுளித்து அதைத் திரும்பப் பாச்சா உருண்டைக்கு நடுவே போட்டுவிட்டால்? அப்புறம் அந்த வீட்டில் யாரும் அதைத் தொடமாட்டார்கள். நீ ஆசைப்பட்டுப் போட்ட ஒரே உடையை என் வாயாலேயே கொன்றதாகிவிடும். உன்னிடம் கேட்கவும் வழியில்லை. கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும், அதுதான் பிரச்சினை.

முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்தேன். கத்தரிக்கோலை எடுக்க மனசில்லை. இழுத்தால் இறுகும், உள்ளே தள்ளினால்தான் அவிழும் என்று நீ கத்தியது நினைவுக்கு வந்தது. ஊசி நுனியால் நூலை உள்பக்கமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் அடம் பிடித்தது. பிறகு இத்தனை வருஷத்து இறுக்கமும் ஒன்றுமில்லாததுபோல் அவிழ்ந்து கொடுத்தது. உள்ளே நீ விட்டு வைத்த துணி நிறம் மாறாமல் புத்தம் புதிதாக இருந்தது. அம்மா பூசினாற்போல் ஆகும்போது விடுவதற்கென்று நீ விட்டது, மகளுக்குக் கச்சிதமாகப் பத்தியது.

நேற்று வந்தார்கள். மகள் போட்டுக்கொண்டு வந்து கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். ஜன்னல் வெளிச்சம் முதுகில் விழுந்தது. எனக்குக் காசிமேட்டு ஐஸ் தண்ணீர் காலில் பட்டதுபோல் இருந்தது. "அலை மாதிரியே இருக்கில்லம்மா" என்றாள் அவள்.

"அலை இல்லம்மா" என்று என் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. "அது மீன் முதுகு. கானாங்கெளுத்தின்னு ஒரு மீன். என்னோட வேலை பார்த்த பொண்ணு காசிமேட்டுல அதைப் பார்த்துட்டு வந்து போட்டது. அந்த ஸ்டுடியோவுல நாங்க ரெண்டு பேரும் அசிஸ்டென்ட். உங்க வீட்டுக்கு வந்து மோர் குடிச்சோம், உங்ககிட்ட சொல்லத்தான் முடியல."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மா ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார். போச்சு, கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"மீன்னு எனக்குத் தெரியும்" என்றார் அவர்.

அவரே சொன்னார். கல்யாணமான புதிதில் கணவரோடு காரில் போகும்போது கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டிருந்ததாம். பக்கத்தில் ஒரு மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்து நின்றிருக்கிறார். காற்றில் கூடை மேலிருந்த துணி விலகியிருக்கிறது. "பார்த்தா, கூடை முழுக்க என் முதுகு" என்றார். "எங்க வீட்டுக்காரர் கண்ணாடிய ஏத்துன்னு சொல்றாரு, நான் ஏத்தல. ரயில் போற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தேன். வீட்ல யார்கிட்டயும் சொல்லல. எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தா அன்னிக்கே குப்பைக்குப் போயிருக்கும். அதனாலதான் யாருக்கும் கொடுக்காம நானே பத்திரமா வெச்சிருக்கேன்."

மகள் முதுகைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "அம்மா! நம்ம வீட்ல இத்தனை வருஷமா பீரோவுல மீனா!"

அவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். "மீன் தெரியும். போட்டது யாருன்னுதான் தெரியாது. அந்த மேடம்கிட்ட எத்தனையோ தடவை கேட்டேன், எங்க டீம்னு சொல்லிட்டாங்க. அன்னிக்கு இழுக்காதீங்கன்னு கத்தினாங்களே, அவங்களா?"

அவளேதான் என்றேன். பேரென்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் அதை ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தார். மகள் சத்தமாகவே சொன்னாள், பிறகு இன்னொரு தடவை, சரியாக வருகிறதா என்று பார்க்கிறவள்போல. "ரிசப்ஷன்ல கேட்டா சொல்லணும்ல ஆன்ட்டி" என்றாள். "மீனையுமா?" என்று கேட்டேன். "அதைத்தான் முதல்ல சொல்லுவேன்!" நீ எங்கிருக்கிறாய், உன்னைப் பார்க்க முடியுமா என்று அந்த அம்மா கேட்டார். மழைக்காலத்தில் நீ போய்விட்டதைச் சொன்னேன். கேட்டதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவர்கள் போன பிறகு கடைசித் தையலை நானே கையால் போட்டேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஸ்பீக்கர் காந்தமும் இந்த முடிச்சும்தான். காந்தம் இன்றும் சாயங்காலமானால் என் தரையில் நெத்திலி பிடிக்கிறது. முடிச்சை நான் இத்தனை நாள் போட்டதில்லை, அது உன்னுடையது என்று விட்டிருந்தேன். நேற்று போட்டேன். மகளுக்கு ஒரு மகள் பிறந்து அவளுக்கும் தேவைப்படலாம் என்று மிச்சத் துணியை வெட்டாமல் உள்ளேயே மடித்து, இரண்டு சுற்று சுற்றி, நுனியை உள்ளே நுழைத்து, பல்லால் கடித்து இழுத்தேன். கை நீ போட்டதுபோல் அவ்வளவு சுளுவாக வரவில்லை. ஆனால் இறுகிவிட்டது.

ரெண்டையும் சேர்த்துத்தான். சொல்ட்டேன்டி.